மூட்டையில் அச்சிடாத எண்

ஆந்திர மாநிலத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மீன்பண்ணைகளுக்கு விடியற்காலையில் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். சிறு தோணியொன்றில் இருவர் செல்வர். தோணி நிறையச் சாக்குகள் இருக்கும். குளத்தில் வரிசையாக நட்டுள்ள மூங்கிற் கம்புகளில் அச்சாக்குகளை ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிடுவர். சாக்கின் அடிப்பகுதியில் சிறு துளைகள். உள்ளே எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடும், அதனுடன் கலந்த கடலைப் பிண்ணாக்கு அல்லது பருத்திவிதைப் பிண்ணாக்கும். சற்று நேரத்தில் ரோகுவும் கட்லாவும் கூட்டமாக வந்து துளைகளில் வாய்வைத்துத் தின்னத் தொடங்கும். சில மணி நேரம் கழித்துச் சாக்கு காலியாகியிருந்தால் மீன் நலமாக இருக்கிறது என்று பொருள். தீவனம் மிஞ்சியிருந்தால் நீரிலோ மீனிலோ ஏதோ குறை உண்டு. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பண்ணையாளரும் தம் குளத்தின் உடல்நிலையை அந்தச் சாக்கைக் கொண்டு அறிந்துவிடுவார்.

வங்கியில் வேளாண் கடன் பிரிவில் பணியாற்றிய காலத்தில் இக்காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் குளங்களின் மீன் பனிக்கட்டியில் அடுக்கப்பட்டு, லாரிகளில் ஏறி, கொல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் பாட்னாவுக்கும் செல்கிறது. வங்காளக் குடும்பம் ஒன்றின் மதிய உணவில் உள்ள ரோகுத் துண்டு பெரும்பாலும் தவிடும் பிண்ணாக்கும் உருமாறியதே ஆகும். ஆகவே, தாவரப் புரதத்தைக் கொண்டு நன்னீர் மீன் வளர்க்கலாமா என்னும் வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. அதற்கு நம் குளங்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டன. இன்று நாம் கேட்க வேண்டிய வினா வேறு: எந்தத் தாவரப் புரதம், எவ்வாறு பதப்படுத்தியது, எந்த அளவுகோலால் மதிப்பிட்டது? இவ்வினாவுக்குச் சரியான விடை காணாமல் தீவனம் வாங்குவோரும், அத்தீவனத்துக்குக் கடன் வழங்குவோரும் ஒருசேர இழப்புக்கு ஆளாகின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய வழியும் புதிய தேவையும்

1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிக்குன்ஹியும் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்தனர். ஆற்று வெள்ளத்தை எதிர்பார்த்து மீன்குஞ்சு சேகரித்த நிலை அதனால் மாறியது. அந்நாளையே நாம் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். பின்னர் 1971-இல் தொடங்கிய கூட்டு மீன்வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம் ஒரே குளத்தில் பலவகைக் கெண்டைகளை வளர்க்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. மேல்நீரில் கட்லா, இடைநீரில் ரோகு, அடிநீரில் மிர்கால் என ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் உண்ணும். சாணமும் உரமும் இட்டு நீரில் நுண்ணுயிர்களைப் பெருக்கி, தவிட்டையும் பிண்ணாக்கையும் சமபாகமாகக் கலந்து துணைத் தீவனமாக இட்டனர். 'துணை' என்னும் சொல் இங்கே முக்கியமானது. மீனுக்குத் தேவையான புரதத்தின் பெரும்பகுதி குளத்தின் இயற்கை உணவிலிருந்தே கிடைத்தது. பிண்ணாக்கில் என்ன குறை இருந்தாலும் நீரில் வாழும் சிற்றுயிர்கள் அதை ஈடுசெய்தன.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2022-23-இல் நம் நாட்டின் மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. நிலமும் நீரும் பெருகவில்லை. ஒரே குளத்தில் முன்பைவிட அதிக மீன் வளர்க்கப்படுகிறது. பங்காசியஸ் கெளுத்தியும் திலாப்பியாவும் வந்துவிட்டன. நீர்த்தேக்கங்களில் கூண்டு கட்டி வளர்க்கும் முறை பரவுகிறது. கூண்டிலும் நெருக்கமாக இருப்பு வைத்த குளத்திலும் இயற்கை உணவு போதாது. மீன் வாயில் விழும் குருணைத் தீவனமே அதற்கு முழு உணவு. துணையாக இருந்தது முதன்மையாகிவிட்டால், அதன் குறையை ஈடுசெய்ய வேறெதுவும் இல்லை. தீவனத்தின் தரம் பற்றிய கேள்வி இப்போது கூர்மையடைந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

கடல்மீனைக் குளத்துமீனுக்கு இடலாமா?

புரதக் குறைக்கு எளிய தீர்வு மீன்தூள் என்று சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. மீன்தூளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் உண்டு, மீனுக்குத் தேவையான அமினோ அமிலங்கள் அனைத்தும் தக்க அளவில் உண்டு, செரிமானமும் எளிது. ஆயினும் ஒரு கிலோ மீன்தூள் தயாரிக்க ஏறத்தாழ நாலரை கிலோ பச்சை மீன் தேவை. அந்த மீன் பெரும்பாலும் நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்கள். அவை ஏழை எளியோரின் தட்டில் இருந்த மலிவான புரதம்.

உலகச் சந்தையில் மீன்தூளின் விலையைத் தீர்மானிப்பது பெரு நாட்டுக் கடற்கரை. 1970-இல் 1.2 கோடி டன்னைத் தாண்டிய அந்நாட்டின் நெத்திலிப் பிடிப்பு, எல் நினோவும் மிகைப் பிடிப்பும் சேர்ந்து தாக்கியதால் 1973-இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது. மீன்தூள் கிட்டாத தீவன ஆலைகள் சோயாவை நாடின. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு விலை ஏறியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே கடலில் குஞ்சு மீன்கள் மிகுந்திருந்தமையால் முதற் பருவ மீன்பிடிப்பைப் பெரு அரசு நிறுத்தியது. மீன்தூள் விலை மீண்டும் உயர்ந்தது. எங்கோ ஒரு கடலின் வெப்பம் ஓரிரு பாகை ஏறினால் நம் ஊர்க் குளத்தின் வரவுசெலவு குலைய வேண்டுமா?

நம் கடலும் ஒரு பாடம் தந்துள்ளது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த மத்தி மீன் பிடிப்பு, 2021-இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. இவ்வீழ்ச்சிக்குக் கடலின் சூழல் மாற்றமும் காரணம். எல்லாப் பழியையும் மீன்தூள் ஆலைகள்மேல் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் இத்தகைய நிலையற்ற ஒரு வளத்தின்மேல் வளர்ந்துவரும் ஒரு தொழிலை அமர்த்துவது அறிவுடைமை ஆகாது. மேலும், தாவரங்களை உண்டு வளரக்கூடிய கெண்டைக்கு, மனிதன் நேரடியாக உண்ணக்கூடிய மத்தியை அரைத்து இடுவதில் பொருளியல் நியாயமும் இல்லை.

'புரதம்' என்னும் சொல்லுக்குள்

ஆகத் தாவரப் புரதமே வழி என்று ஏற்போம். ஆனால் அவ்வாறு ஏற்றவுடன் பலரும் ஒரு தவறு செய்கின்றனர். மூட்டையின்மேல் 'கச்சாப் புரதம் 28 விழுக்காடு' என்று அச்சிட்டிருந்தால், மீனுக்கு 28 விழுக்காடு புரதம் கிடைத்துவிடும் என எண்ணுகின்றனர்.

கச்சாப் புரதம் என்பது நேரடியாக அளக்கப்படுவதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் பெறும் எண் அது. புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்னும் அடிப்படையில் அமைந்த கணக்கு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அக்கணக்கு கேட்பதில்லை. ஒரு சிட்டிகை யூரியா சேர்த்தாலும் எண் உயரும். 2007-இல் வட அமெரிக்காவில் செல்லப் பிராணிகளின் உணவிலும், 2008-இல் சீனத்தில் பால்மாவிலும் மெலமைன் கலந்த கொடுமைக்கு இந்த ஓட்டையே வழிவகுத்தது. கலப்படமே இல்லாத தீவனத்திலும் செரிக்கும் புரதம், செரிக்காத புரதம் என வேறுபாடு உண்டு. மூட்டை முதலாவதையும் இரண்டாவதையும் கூட்டியே கூறுகிறது.

அடுத்து, புரதத்தின் உட்கூறு. மீனுக்குப் பத்து அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் முழுமையாகப் பயன்படா. சுவர் எழுப்புவோருக்குச் செங்கல் குவிந்து கிடந்தும் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டால் வேலை நிற்பதுபோல, வளர்ச்சி நின்றுவிடும். பயன்படாத புரதத்தை மீன் எரித்து, அம்மோனியாவாக நீரில் கழிக்கிறது. சோயாவில் லைசின் நன்றாக உண்டு; மெத்தியோனின் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் இரண்டுமே குறைவு. எனவே ஒரு பிண்ணாக்கின் குறையை மற்றொன்றின் நிறைவால் சரிசெய்யும் கலவையே நல்ல தீவனம். தேவைப்படும் இடத்தில் அமினோ அமிலத்தைத் தனியாகவும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, தாவரங்கள் தம் விதைகளைக் காத்துக்கொள்ளச் சேமித்துவைத்துள்ள நச்சுகளும் தடைகளும் உள்ளன. பச்சைச் சோயாவில் உள்ள டிரிப்சின் தடுப்பான் புரதம் செரிப்பதைத் தடுக்கும். தக்க சூட்டில் வேகவைத்தால் அது அழியும். சூடு மிகுந்தால் லைசினே கெட்டுவிடும். பருத்திவிதையில் காசிபால் உண்டு. அது லைசினைப் பிணைத்துக்கொள்வதோடு மீனின் உடல்நலத்தையும் கெடுக்கும். கடுகுப் பிண்ணாக்கில் குளுகோசினோலேட் உண்டு. அளவு மிகுந்தால் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படும். கடலைப் பிண்ணாக்கு ஈரத்தில் இருந்தால் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்த பின்னரே, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த இந்நச்சு உலகுக்குத் தெரியவந்தது.

நான்காவது தடை பைட்டிக் அமிலம். தானியங்களிலும் எண்ணெய் வித்துகளிலும் உள்ள பாஸ்பரசில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இவ்வமிலத்தில் பூட்டப்பட்டுள்ளது. அப்பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதி மீனின் குடலில் இல்லை. அந்நொதியைத் தீவனத்தில் சேர்க்கலாம் என்பர். ஆனால் நம் கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது! அமிலச் சூழலில் நன்கு செயற்படும் நொதிக்கு, அமிலம் சுரக்காத அக்குடலில் முழுத் திறன் இராது. எனவேதான் சிட்ரிக் அமிலத்தையும் உடன் சேர்த்தல், தீவனத்தை முன்னரே நொதியால் பதப்படுத்தல், புளிக்கவைத்தல் ஆகிய வழிகளை நம் ஆராய்ச்சியாளர்கள் ஆய்ந்துள்ளனர். கோழிக்குப் பொருந்தும் தீர்வை அப்படியே கெண்டைக்குக் கொண்டுவர இயலாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பூட்டப்பட்ட பாஸ்பரஸ் எங்கே போகிறது? கழிவாக நீரில் சேர்ந்து பாசியைப் பெருக்குகிறது. பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலையில் உயிர்வளி குன்றும். மீன் மேற்பரப்பில் வாய்பிளக்கும். அக்காட்சியைக் கண்ட பண்ணையாளருக்குத் தீவன வேதியியலை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கு

இவை யாவும் அறிவியலாரின் கவலை, நமக்கென்ன என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்கலாம். நன்னீர் மீன் வளர்ப்பில் நடைமுறைச் செலவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி தீவனத்துக்கே செல்கிறது. ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

முதல் தீவனத்தின் விலை கிலோ 30 ரூபாய். ஒரு கிலோ மீன் வளர 2.2 கிலோ தேவைப்படுகிறது. இரண்டாவதன் விலை 38 ரூபாய், 1.5 கிலோ போதும். கடையில் நிற்கும்போது முதலாவதே மலிவு. குளத்தில் அவ்வாறன்று. ஒரு கிலோ மீனுக்கான தீவனச் செலவு முதலாவதில் 66 ரூபாய். இரண்டாவதில் 57 ரூபாய். 4 டன் மீன் பிடிக்கும் பண்ணையில் வேறுபாடு 36,000 ரூபாய். அதோடு கணக்கு முடியவில்லை. முதலாவதில் 8.8 டன் தீவனமும் இரண்டாவதில் 6 டன் தீவனமும் குளத்தில் இறங்குகின்றன. கூடுதலாக இறங்கிய 2.8 டன் மீனாகவில்லை. அது சேறாகவும் அம்மோனியாவாகவும் பாசியாகவும் குளத்திலேயே தங்குகிறது. அதனைச் சமாளிக்க நீர் மாற்ற வேண்டும். காற்றூட்டி ஓட்ட வேண்டும். மின்கட்டணம் செலுத்த வேண்டும்.

தீவனம் எத்தனை கிலோ இட்டு எத்தனை கிலோ மீன் பெற்றோம் என்னும் இந்த விகிதமே மூட்டையில் அச்சிடாத எண். அதை அறியப் பண்ணையாளரிடம் ஒரு குறிப்பேடும், மாதம் ஒருமுறை வீச்சுவலையில் சில மீன்களைப் பிடித்து எடைபோடும் பொறுமையும் இருந்தால் போதும்.

நான் அறிந்த ஒரு சிறு பண்ணையாளர் மூன்று பருவங்கள் தொடர்ந்து இழப்புக் கண்டார். மீன்குஞ்சின்மேல் ஐயுற்றார், நீரின்மேல் ஐயுற்றார், ஊரார் கண்பட்டது என்றுகூடச் சொன்னார். அவர் வாங்கிய தீவன மூட்டைகள் சுவரோரம் ஈரத்தரையில் அடுக்கப்பட்டிருந்தன. எத்தனை மூட்டை வாங்கினார் என்பது விற்பனையாளரின் பற்றுப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. நான்காம் பருவத்தில் பலகை இட்டு மூட்டைகளை உயர்த்திவைத்தார். பள்ளியில் படிக்கும் மகளிடம் குறிப்பேட்டை ஒப்படைத்தார். இரண்டு மாதத்தில் எடை ஏறாததைக் கண்டு தீவனத்தை மாற்றினார். அப்பருவம் அவர் பெரும் இலாபம் ஈட்டிவிடவில்லை. கடன் தவணையைத் தவறாமல் கட்டினார். சிறு பண்ணையாளருக்கு அதுவே பெரிய மாற்றம்.

சோயாவை மட்டுமே நம்பலாமா?

தாவரப் புரதம் என்றவுடன் தீவன ஆலைகள் சோயாவையே முதலில் எண்ணுகின்றன. எண்ணெய் நீக்கிய சோயாப் பிண்ணாக்கில் 45 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் உண்டு. அமினோ அமிலங்களின் அமைப்பும் மற்றப் பிண்ணாக்குகளைவிட மேலானது. ஆனால் அதே சோயாவுக்குக் கோழிப் பண்ணைகளும் போட்டியிடுகின்றன. 2021-இல் அதன் விலை சில மாதங்களில் இருமடங்குக்கும் மேல் ஏறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய மைய அரசு இசைவளிக்க நேர்ந்தது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராட்டிரத்திலும் பருவமழை பொய்த்தால் கொல்லேற்றுக் குளங்கள் தள்ளாடும் என்றால், பெருவின் கடலைச் சார்ந்திருந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எனவே அந்தந்த வட்டாரத்தில் கிடைக்கும் துணைப்பொருள்களைத் தக்கவாறு பதப்படுத்திப் பயன்படுத்துவதே நிலையான வழி என்பது என் துணிபு. கிழக்கு மாநிலங்களிலும் அசாமிலும் கடுகுப் பிண்ணாக்கு. குஜராத்திலும் தெலங்கானாவிலும் பருத்திவிதை. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் கடலையும் தவிடும். எத்தனால் ஆலைகள் பெருகியபின் அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எஞ்சும் உலர்ந்த வடிப்பாலைச் சக்கை ஏராளமாகச் சந்தைக்கு வருகிறது. அரிசிச் சக்கையில் புரதம் சோயாவுக்கு நிகராக இருப்பினும் லைசின் குறைவு. மக்காச்சோளச் சக்கையில் பூஞ்சை நச்சு அடர்ந்திருக்க வாய்ப்புண்டு. மலிவு என்பதற்காகக் கண்மூடி வாங்காமல், சோதனைச் சான்றுடன் வாங்கினால் இது நல்ல வளம். இவை யாவும் மனிதன் நேரடியாக உண்ணாத பொருள்கள். எண்ணெயும் அரிசியும் நமக்குச் சேர்ந்தபின் எஞ்சியதை மீன் நமக்கு மீண்டும் உணவாக்கித் தருகிறது.

மறுப்புகளும் எல்லைகளும்

தாவரத் தீவனத்தில் வளர்ந்த மீனில் ஒமேகா-3 கொழுப்பு குறையும் என்பது ஒரு மறுப்பு. கடல்மீனுக்கு இஃது பெரிதும் பொருந்தும். நன்னீர் மீன்களோ தாவர எண்ணெயிலுள்ள லினோலெனிக் அமிலத்தை ஓரளவு நீள்சங்கிலிக் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையவை. ஆளிவிதை எண்ணெய், கடுகெண்ணெய் போன்றவற்றைத் தீவனத்தில் சேர்த்தால் இக்குறையைப் பெருமளவு தணிக்கலாம். முற்றிலும் நீக்கலாம் என்று நான் கூறேன்.

எல்லா மீனுக்கும் இவ்வழி ஒன்றாகாது என்பதும் உண்மையே. விரால் ஊன் உண்ணும் மீன்; அதற்கு முழுமையான தாவரத் தீவனம் இன்று பொருந்தாது. கெண்டையிலும் முட்டையிலிருந்து வெளிவந்த இளங்குஞ்சுக்குப் புரதத் தேவை மிகுதி. அப்பருவத்தில் நீரின் நுண்ணுயிர்களும் சிறிதளவு மீன்தூளும் இருப்பதே நன்று. அருமையான பொருளை அவசியமான இடத்தில் மட்டும் இடுவதே சிக்கனம். வளர்ந்த கெண்டைக்கு மீன்தூள் இடுவதும், இளங்குஞ்சுக்கு வெறுந்தவிடு இடுவதும் ஒரே வகைப் பிழை.

கடன் கொடுப்போர் கேட்க வேண்டியது

இனி வங்கியின் பக்கம் வருகிறேன். சிறு பண்ணையாளர் பலர் தீவனத்தை விற்பனையாளரிடம் கடனாகவே வாங்குகின்றனர். அறுவடையின்போது மீனின் விலையில் அது கழிக்கப்படும். அக்கடனின் வட்டி தீவன விலைக்குள் மறைந்திருக்கும். அதைவிடக் கொடியது வேறொன்று: கடன்பட்டவருக்குத் தேர்வுரிமை இல்லை. கொடுத்த மூட்டையை வாங்க வேண்டும். எடை ஏறவில்லை என்று அடுத்த கடைக்குப் போக இயலாது. தீவனத்தின் தரத்தைப் பற்றி எவ்வளவு அறிவுரை கூறினாலும், கையில் ரொக்கம் இல்லாதவருக்கு அது காற்றோடு போகும் சொல்லே.

2018-19 நிதிநிலை அறிக்கையில் விவசாயக் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. குளம் குத்தகைக்கு எடுத்தோரும் சுயஉதவிக் குழுவினரும்கூட அதற்குத் தகுதியுடையோர். தீவனம், மீன்குஞ்சு, மின்சாரம் ஆகியவற்றுக்கான நடைமுறை மூலதனத்தை அதன்வழிப் பெறலாம். வட்டி மானியமும், தவணை தவறாதோருக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. 2020-இல் 20,050 கோடி ரூபாயில் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தீவன ஆலை அமைக்கவும் உதவி உண்டு. பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானியம். சிலர் கூடி ஊரிலேயே சிறு ஆலை அமைத்தால், தம் பிண்ணாக்கைத் தாமே தேர்ந்து, தம் கலவையைத் தாமே அறிந்து பயன்படுத்த இயலும்.

ஆயினும் கடனைப் பெருக்குவது மட்டும் போதாது. வங்கிகள் இத்துறையில் மூன்று வழக்கங்களை மேற்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, கடன் புதுப்பிக்கும்போது தீவனக் குறிப்பேட்டைக் கேட்டல். நில ஆவணத்தையும் ஈட்டையும் வேண்டுவதுபோல இதையும் வேண்டலாம். தண்டிப்பதற்காக அன்று, பருவத்தின் இடையிலேயே விகிதம் கெடுவதைக் கண்டு எச்சரிப்பதற்காக. இழப்பு அறுவடை நாளில் தெரிவதைவிட இரண்டாம் மாதத்தில் தெரிவது இருசாரார்க்கும் நல்லது.

இரண்டாவது, தீவன ஆலைகளுக்குக் கடன் வழங்கும்போது ஆய்வுக்கூட வசதியையும் ஒரு கட்டாயக் கூறாகக் கொள்ளல். சோயா சரியாக வெந்ததா என்று காட்டும் யூரியேஸ் சோதனை எளியது. அஃப்லடாக்சின் சோதனை அதனினும் செலவு மிக்கதாயினும், ஒரு குளத்து மீன் அழிவதைவிட மலிவானது.

மூன்றாவது, மூட்டையின்மேல் எழுதுவதை மாற்றக் குரல் கொடுத்தல். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கெண்டைத் தீவனத்துக்குத் தர வரையறை வகுத்துள்ளது. ஆந்திர அரசு 2020-இல் மீன் தீவனத் தரக்கட்டுப்பாட்டுக்கெனச் சட்டமே இயற்றியது. இவை நல்ல தொடக்கங்கள். கச்சாப் புரதத்தோடு லைசின், மெத்தியோனின் அளவையும், எவ்வெப் பிண்ணாக்கு கலந்துள்ளது என்பதையும், தயாரித்த நாளையும் பண்ணையாளரின் தாய்மொழியில் அச்சிடுதல் எல்லா மாநிலங்களிலும் வழக்கமாக வேண்டும். தீவனத்துக்குக் கோடிக்கணக்கில் கடன் வழங்கும் வங்கிகள் ஒருமித்துக் கேட்டால் ஆலைகள் மறுக்குமா?

இவ்விதழைப் படிப்போரில் மீன் வளர்ப்போர் சிலரே; சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் பலர். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் வங்கியில் இட்ட தொகையின் ஒரு பகுதி எங்கோ ஒரு குளக்கரையில் தீவன மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. அது மீனாக மாறினால் கடன் திரும்பும். ஒரு குடும்பம் தலைநிமிரும். மற்றொரு குடும்பத்தின் தட்டில் மலிவான விலையில் நல்ல புரதம் சேரும். அது சேறாக மாறினால் மூவருக்கும் இழப்பு. தவிடும் பிண்ணாக்கும் நம் நாட்டில் குறைவில்லை. அவற்றைப் பக்குவமாக்கும் அறிவும் நம் ஆராய்ச்சி நிலையங்களில் உள்ளது. இரண்டையும் இணைத்துக் குளக்கரை வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பில் கடன் கொடுப்போருக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை தீவனத்துக்காகக் கடன் கேட்டு ஒருவர் வந்தால், 'எவ்வளவு வேண்டும்?' என்று கேட்பதற்குமுன், 'சென்ற பருவத்தில் எத்தனை கிலோ இட்டு எத்தனை கிலோ பிடித்தீர்கள்?' என்று நம் கிளைகள் கேட்கட்டும்.